போறேன் என்று சொல்லக்கூடாத பாதை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தாகிவிட்டது. கை இன்னும் சிவந்துதான் இருக்கிறது. நடந்ததற்கு மேல் ஒரு கடுகளவுகூடச் சேர்க்கவில்லை. எங்கேயாவது கொஞ்சம் குறைத்திருக்கலாம், அதுவும் கேட்கிறவர்கள் பயந்துவிடக் கூடாதே என்பதற்காக. அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் லிஃப்ட்காரரின் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த அம்மாள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

லிஃப்ட்காரர் என்பவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, பட்டனை அழுத்தி அழுத்தியே தலை நரைத்தவர். பயந்த சுபாவம். தன் நிழல் தன்னை முந்திக்கொண்டு நடந்தால், அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தள்ளுகட்டிலில் ஒரு நோயாளியை லிஃப்டுக்குள் கொண்டுவந்தார்கள். லிஃப்ட்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா மேல போறாரா?" நோயாளியின் மகன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். மூன்றாவது மாடி வரும்வரை விடவில்லை. பிடித்திருந்த நேரம் முழுவதும் பட்டனை அழுத்தியதும் லிஃப்ட்காரர்தான்.

அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு எழுத்து உதிர்ந்துவிட்டது. 'போ' என்று தொடங்கும் எதையும் அதன் பிறகு அவர் சொன்னதில்லை. லிஃப்டில் "மேலயா, கீழயா?" என்பதோடு சரி. வீட்டை விட்டுக் கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கனைப்பு. மனைவி வெளியே கிளம்பும்போது "போயிட்டு வரேங்க" என்று சொன்னால், "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ம்" என்பார். அவ்வளவுதான்.

மனைவிக்கு நேர் எதிரான வாய். சண்டை என்று வந்தால் இரண்டாவது வாக்கியமே "நான் போறேன்" என்பதுதான். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவாள். தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிவிடும். இது தெரிந்து, வானிலை சரியில்லை என்று பட்ட நாட்களில் லிஃப்ட்காரர் முன்கூட்டியே அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருப்பார். அந்தக் குடும்பம் இத்தனை காலம் ஓடியது அந்த ஒற்றைச் செருப்பில்தான்.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும் அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனைவி திண்டாடினாள். அவர் முக்காலியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பால்காரர் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் கதவைத் திறந்துவிட்டு "மேலயா, கீழயா?" என்று கேட்டார். வீட்டுக்கு மாடி கிடையாது. பால்காரர் ஒருநாள் "கீழ" என்று சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். மறுநாளே மனைவி பங்குத் தோட்டத்தில் அவர் பேரில் ஒரு பங்கு எழுதி வாங்கினாள்.

பங்குத் தோட்டம் என்பது ரயில்வே சரக்குக் கிடங்குக்குப் பின்னால் உள்ள பெரிய காலிமனை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மண் ஆசை உள்ள ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆளுக்கு நாலு பாத்தி. தக்காளி, அவரை, கத்திரி, கீரை. நடுவே மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு பெரிய தடம். அதன் ஓரத்தில் சிமெண்ட் பெஞ்சு. தடத்திலிருந்து ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சின்னப் பாதை. லிஃப்ட்காரரின் பங்கு மதிலை ஒட்டிக் கடைசியில். பக்கத்துப் பங்கு கணக்கு டீச்சருடையது. டீச்சர் அவரைக்கொடிக்குள் தலையை விட்டால் இருட்டும்வரை எடுக்க மாட்டார். அவர் குரலைக் கேட்டவர்கள் அதிகம், முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இரண்டு பங்குக்கும் இடையிலிருந்த பாதையில் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் உட்கார்ந்து சிரிக்கும். திங்கட்கிழமை கொத்தினால் வியாழக்கிழமை முளைக்கும். பாதையில் புல் இருந்தால் பங்கைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டச் சங்கத்தின் செயலாளர் சொல்லியிருந்தார். கையில் எப்போதும் அளவுகோலோடு திரிவதால் அவருக்கு ரூல்தடி என்று பேர். லிஃப்ட்காரருக்கு ரூல்தடியிடமும் பயம், புல்லிடமும் பயம், புல்லுக்குள் என்ன இருக்குமோ என்பதிலும் பயம்.

வழி சொன்னவர் மரம் அறுக்கிறவர். தெருவோர மரக்கிளைகளை வெட்டி, வண்டியில் பூட்டிய மெஷினில் கொடுத்துச் சில்லுச் சில்லாகத் துப்ப வைப்பவர். சில்லைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேளுங்க. புல்லை மட்டமா செதுக்குங்க. மேல அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஒரு சாண் ஏறி நிக்கணும். நல்லா தண்ணி ஊத்தி நனைங்க. அதுக்கு மேல கணுக்கால் முங்குற அளவுக்கு சில்லு. ரெண்டு ஓரமும் செங்கல். முடிஞ்சுது."

"புல் வராதா?"

"இதுக்குள்ள போன களை திரும்பி வராது."

"நான் அப்புறம் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை மேல ரெண்டு கூடை சில்லு. மத்தபடி பாதை தன்னைத் தானே பாத்துக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் லிஃப்ட்காரருக்குப் பிடிக்கவில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற எதையும் அவர் நம்பியதில்லை. அவர் உட்கார்ந்திருந்த லிஃப்டை எடுத்துவிட்டு, அந்த மாதிரி ஒன்றைத்தான் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

இருந்தாலும் செய்தார். குளிர்பெட்டி விற்கும் கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தார். பசைநாடாவை உரித்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு தடித்த அம்புக்குறி. பக்கத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது. அம்புக்குறியைக் கண்டால் லிஃப்ட்காரருக்குப் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தால் நன்றாக இருக்காது என்று, எல்லா அம்பும் மதில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய தடத்தைப் பார்க்கும்படி ஒரே வரிசையாக விரித்தார். வேறு யாராக இருந்தாலும் அட்டையைக் கண்டபடி போட்டுவிட்டுப் பிழைத்திருப்பார்கள். ஒழுங்கு பார்க்கிறவனுக்குத்தான் வம்பு ஒழுங்காக வந்து சேர்கிறது.

மறுநாள் காலையில் சில்லுக் குவியலிலிருந்து புகை வந்தது. லிஃப்ட்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"புதுச் சில்லு அப்படித்தான் கொதிக்கும்," என்றது அவரைக்கொடி. "புகை இல்ல, ஆவி. கையை விட்டுப் பாருங்க."

விட்டார். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி சுட்டது. கையை எடுத்துவிட்டார். அது மரம் என்று அதன் பிறகு அவரால் நினைக்க முடியவில்லை.

பாதை போட்டு முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம். தடத்திலிருந்து உள்ளே வரும்போது, தட்டையான பாதை மேடு மாதிரி கனத்தது. தள்ளுவண்டியை முட்டித் தள்ள வேண்டியிருந்தது. வெளியே நடந்தால் யாரோ முதுகில் கை வைத்து நகர்த்துகிற மாதிரி லேசாக இருந்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ரூல்தடி சோதனைக்கு வந்தார். அகலத்தை அளந்தார். ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

"அமுங்குதே."

"நாளாக நாளாக இறுகிடும் சார்."

"களை?"

"இல்ல சார். இருந்தது. இப்ப எங்கேன்னு தெரியல."

"எதுக்கும் அடுத்த மாசம் பாத்துட்டுத்தான் முடிவு," என்று அளவுகோலைக் கக்கத்தில் செருகினார் ரூல்தடி. "சரி, நான் போறேன்."

லிஃப்ட்காரர் குனிந்து ஒரு தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டிவிட்டு நிமிர்ந்தார். ரூல்தடியைக் காணவில்லை. வேகமாக நடக்கிறவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். சாயங்காலம் கேட்டருகே வந்தால், ரூல்தடியின் ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நின்றிருந்தது. மறுநாளும் நின்றது. கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சிலந்தி வீடு கட்டிக் குடியேறிவிட்டது. தோட்டக்காரர்கள் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் அவரவர் பாதையில் புல்லை வளர விட்டார்கள். அவர் வீட்டுக்காரர்கள் ஏதோ சங்கக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்களாம். கூட்டம் என்றால் சொல்லாமலே கிளம்புகிறவர்.

லிஃப்ட்காரர் மட்டும் திரும்பி வந்து பாதையை உற்றுப் பார்த்தார். சில்லுகளுக்கு நடுவே குட்டிக் குட்டியாக வெள்ளைக் காளான்கள் தலை நீட்டியிருந்தன. எல்லாம் தடத்துப் பக்கமாகவே சாய்ந்திருந்தன.

அடுத்து வந்தவன் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எதை வாங்கிக்கொண்டு நடந்தாலும் 'அரைமணியில திருப்பித் தரேன்' என்பான்; அதனால் அவன் பேர் அரைமணி.

"அத்தான், தள்ளுவண்டி வேணும். அரைமணியில திருப்பித் தரேன்."

"எடுத்துட்டுப்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "எடுத்த ஏணி என்ன ஆச்சு?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"பத்திரமாத்தான்."

"ஏணி வரட்டும், வண்டி தரேன்."

அரைமணியின் முகம் தொங்கியது. "ஒரு வண்டிக்கு இவ்வளவு யோசிக்கிற வீட்டுல எங்கக்கா எப்படித்தான் காலம் தள்றாளோ. சரி அத்தான், நான் போறேன்."

இந்தத் தடவை லிஃப்ட்காரர் குனியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

தடம் பக்கத்தில்தான், இங்கிருந்து ஒரு தக்காளியை எறிந்தால் பெஞ்சில் விழும். மச்சான் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். பெஞ்சு அதே அளவில் இருந்தது. மச்சான் மட்டும் தூரத்துக்குப் போகிறவன் மாதிரி சின்னதாகிக்கொண்டே போனான். மண்வெட்டிக் காம்பு உயரம் ஆனான். அப்புறம் தண்ணீர்ச் செம்பு உயரம். கைவீசி, கோபமாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஓரத்துச் செங்கலுக்கு மேல் அவன் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. சில்லு மிதிபடுகிற சத்தம் மட்டும், எலி கொறிக்கிற மாதிரி, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

லிஃப்ட்காரரின் காலிரண்டும் தக்காளிப் பாத்தியில் நட்டு வைத்தது போலாகிவிட்டன.

"டீச்சர்," என்றார். குரல் வரவில்லை. மறுபடியும், "டீச்சர். எங்க மச்சானைப் பாத்தீங்களா?"

"போறேன்னு சொன்னது காதுல விழுந்துச்சே," என்றது அவரைக்கொடி. பிறகு கொடி அசைந்தது. டீச்சர் பூவாளியோடு எழுந்தார். "நான் குழாயடி வரைக்கும் போயிட்டு வரேன்."

டீச்சர் அதே பாதையில் நடந்தார். லிஃப்ட்காரர் பழக்கத்தில் "ம்" என்றுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். டீச்சர் டீச்சராகவே இருந்தார். தடத்தை அடைந்தார், குழாயில் தண்ணீர் பிடித்தார், திரும்பி வந்தார், கொடிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வாழ்நாள் முழுக்க ஒரு எழுத்தை நினைத்துப் பயந்தவருக்குக் கணக்குப் போடப் பேனா வேண்டியதில்லை. 'போறேன்' என்றவர்கள் போய்விட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்றவர் வந்துவிட்டார். பாதை வேறொன்றும் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது.

பாத்தியில் நின்றபடியே கையை நீட்டி, ஓரத்தில் கொஞ்சம் சில்லை விலக்கிப் பார்த்தார். ஈர அட்டையில் அம்புக்குறி. அடுத்ததிலும் அம்புக்குறி. எல்லாம் தடத்தைப் பார்த்து. மேலே போகிற அம்பு மட்டும் இருக்கிற லிஃப்ட். அப்படி ஒன்றை, தன் கையால், மரியாதையாகச் செங்கல் வைத்து ஓரம் கட்டிச் செய்து வைத்திருக்கிறார்.

பிய்த்து எறிந்துவிடலாம் என்று கை போனது. ஆனால் லிஃப்ட் வேலையில் முதல்நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: உள்ளே ஆள் இருக்கும்போது லிஃப்டில் கை வைக்கக் கூடாது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். லிஃப்ட்காரர் சில்லை மூடிவைத்துவிட்டு, பாதையை மிதிக்காமல் கத்திரிப் பாத்தி வழியாக வீட்டுக்கு ஓடினார்.

ஓடும்போதுதான் அந்த நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. தினமும் மத்தியானம் டீக் கேத்தலோடு அந்தப் பாதையில் வருகிறவள் மனைவி. பேச்சுக்குப் பேச்சு 'நான் போறேன்' என்கிறவளும் அவள்தான். இத்தனை நாள் அவள் அங்கே கோபப்படாமல் இருந்தது டீயின் புண்ணியம்.

"நாளையிலேருந்து டீ கொண்டு வராதே," என்றார்.

"ஏன்?"

"வெயில்."

"இத்தனை நாள் நிலாவா காஞ்சுது?"

"நானே பிளாஸ்க்ல எடுத்துட்டு..." அடுத்த சொல் தொண்டையில் நின்றது.

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு... இருக்கேன்."

மனைவி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கோபத்தைக் கிளறிவிட்டோமோ என்று பயந்து, லிஃப்ட்காரர் சமையல் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். கழுவிய தட்டைத் துடைக்கவும் செய்தார். அதுதான் தப்பாகிவிட்டது.

"பக்கத்துப் பங்கு யாருது?"

"கணக்கு டீச்சரோடது."

"ஓஹோ," என்றாள் மனைவி. அந்த ஓஹோவிலேயே வழக்கும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது.

"நீ நினைக்கிற மாதிரி இல்ல. அந்தப் பாதையில உன் தம்பி சின்னதாயிட்டான்."

"அவன் எப்பவும் சின்ன புத்திதான். உங்களை மாதிரி பேச்சை மாத்த மாட்டான். காலையில கிளம்பினவன் இன்னும் வீட்டுக்கே வரலையாம். அவன் பொண்டாட்டி போன் பண்ணினா."

"அழுதாளா?"

"நிம்மதியா இருக்குன்னு சொன்னா. எங்கேயாவது பாத்தா சொல்லாதீங்கன்னு சொல்லச் சொன்னா."

மறுநாள் லிஃப்ட்காரர் தோட்டத்துக்கு வரும்போது மனைவியின் செருப்பு இரண்டையும் துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்தார். செருப்பில்லாமல் எப்படி வருவாள் என்று கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. மத்தியானம் ஆனது. வெயில் சில்லின் மேல் ஏறி, பாதையிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. காளான்கள் உள்ளங்கை அகலம் விரிந்திருந்தன. அப்போது தடத்தின் பக்கம் டீக் கேத்தல் மின்னியது. மனைவி வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் செருப்பைப் போட்டுக்கொண்டு.

"அங்கேயே நில்லு," என்றார் லிஃப்ட்காரர்.

நில்லு என்று சொல்லி அவள் நின்றதாகச் சரித்திரம் இல்லை. உள்ளே வந்தாள். பாதை அவளுக்கும் கனத்தது. மூச்சு வாங்கக் கேத்தலை ஒரு செங்கல் மேல் வைத்தாள். கணக்கு டீச்சரின் கொடியைப் பார்த்தாள். புருஷன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பையிலிருந்து தன் செருப்பின் வார் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நான் இங்க வரக்கூடாதுன்னு செருப்பை வேற தூக்கிட்டு வந்துட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான். பாதையை விட்டு இறங்கு. கத்திரிப் பாத்தியில நில்லு. செடி மிதிபட்டா பரவாயில்ல."

"கத்திரியை மிதிக்கலாம், டீச்சர் பாதையை மிதிக்கக் கூடாது. அப்படித்தானே?"

"கையெடுத்துக் கும்பிடறேன். என்ன வேணும்னாலும் திட்டு. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம்."

"எந்த வார்த்தை?"

அவரால் சொல்ல முடியுமா.

"ஒரு வாய் வார்த்தைக்குக்கூட நான் லாயக்கில்ல. கிளம்பறப்ப சொன்னா ஒரு 'ம்'. திரும்பி வந்தா அதுவும் இல்ல." மனைவியின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "சரி, நீங்க இருங்க. நான் போறேன்."

செருப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. காலிலேயே இருந்தது.

திரும்பி நடந்தாள். லிஃப்ட்காரர் "இரு" என்றார். நடந்தாள். "நில்லு" என்றார். மண்வெட்டிக் காம்பு உயரம் ஆனாள். "வா" என்று கத்தினார். சத்தம் அவளை எட்டவில்லை, பாதி வழியிலேயே சில்லுக்குள் விழுந்து அமுங்கியது. கேத்தல் உயரம் ஆனாள். செங்கல் மேல் கேத்தல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி அவள் நடந்தபோது கேத்தல்தான் பெரிதாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிய விதத்தில் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவ்வளவு சின்ன உருவத்திலும் தெரிந்தது.

பின்னால் போக வேண்டும். பாதையில் கால் வைக்க வேண்டும். சும்மா வைத்தால் தினம்போலத் தடத்தில்தான் கொண்டுபோய் விடும். எங்கே என்று சொல்லிவிட்டு வைத்தால்தான் அவளிடம் சென்று திரும்பலாம். அந்தச் சொல்லில் முதலெழுத்தே அந்த எழுத்து. லிஃப்ட்காரருக்குக் காலர் இறுகியது, யாரும் பிடித்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"போ..." என்றார். ஒன்றும் இடிந்து விழவில்லை. "போயி... அவ இருக்கிற இடம் வரைக்கும் போயிட்டு வரேன்."

சொல்லிவிட்டார். ஆனால் அது பாதி ஒப்பந்தம்தானே. போகிறவர் சொன்னால் இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாமல் நின்ற ஒரு விநாடியில், தான் இத்தனை வருஷமாக மனைவியை வாசலில் எப்படி நிறுத்தி வைத்திருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது. காளான்கள் அவர் பக்கம் சாய்ந்தன.

"போயிட்டு வாங்க," என்றது அவரைக்கொடி, பழக்கத்தில், நிமிராமல்.

லிஃப்ட்காரர் கால் வைத்தார்.

பாதை அவரை முதுகில் பிடித்துத் தள்ளியது. சில்லுகள் விறகாகி, விறகுகள் விழுந்த மரங்களாகின, ஏறி இறங்கினார். ஓரத்துச் செங்கல் மதிலாக எழுந்தது. ஆவி மூடுபனியாக நின்றது. அவர் பங்கின் தக்காளி ஒன்று, பழுத்துச் சிவந்து, மேகத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கீழே எங்கோ ஒரு மண்புழு நகர்கிற சத்தம் ரயில் போல் கேட்டது. பயத்தில் அழுதுகொண்டே ஓடினார். யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு சௌகரியம்.

ஒரு காளானின் கீழே, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி, மூன்று பேர் நின்றார்கள். ரூல்தடி காளான் தண்டை அளந்துகொண்டிருந்தார். மச்சான் அளவுகோலைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்க வந்தீங்க?" என்றாள்.

"உன்னைக் கூப்பிட."

"கூப்பிடுங்க."

"வா."

"அவ்வளவுதானா?"

"வீட்டுக்கு வா. நீ இல்லாம அங்க நான் யாருக்குக் கதவைத் திறக்கிறது?"

"டீ ஆறிப் போயிருக்கும்," என்றாள். அவர் கையிலிருந்த பையை வாங்கி, செருப்பை மாற்றிக்கொண்டாள்.

"சார், நீங்களும் வாங்க," என்றார் லிஃப்ட்காரர். ரூல்தடி அளவுகோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். "மச்சான், நீயும் வா."

"அரைமணியில வரேன் அத்தான்," என்றான் மச்சான்.

திரும்பும் வழி கனத்தது. அம்புக்கு எதிராக ஒவ்வொரு அடியும் மாடிப்படி. மனைவியின் கையை அவர் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தாரா, அவள் பிடித்தாளா என்பதில் இரண்டு கருத்து உண்டு. செங்கல் முழங்காலுக்கு இறங்கியது. பிறகு கணுக்காலுக்கு. டீ ஆறியிருக்கவில்லை. ரூல்தடி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பாதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கத்திரிப் பாத்தி வழியாக நடந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு அவர் யார் பங்கையும் பிடுங்கியதில்லை. மச்சான் சொன்னபடி அரைமணியில் வந்து சேர்ந்தான், வாழ்க்கையில் முதல்முறையாக. அந்தப் பாதை சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று முன்பே சொன்னோம்.

உள்ளே ஆள் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, லிஃப்ட்காரர் அன்றே சில்லை வாரி ஒதுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக அட்டைகளைத் திருப்பிப் போட்டார். ஒரு அம்பு மேலே, ஒரு அம்பு கீழே. அதோடு பாதை சரியாகிவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது, அட்டை மக்கி மண்ணாகிவிட்டது, களை வருவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு கூடை சில்லு. வேறு ஒரு செலவும் இல்லை, வேலையும் இல்லை.

தினமும் காலையில் லிஃப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று ஒரு எழுத்தும் விழுங்காமல் சொல்கிறார். உள்ளேயிருந்து பதில் வரும்வரை படி இறங்குவதில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் அவர் மனைவியைக் கேட்கலாம் என்று முதலிலேயே சொன்னோம்; ஒரே சிக்கல், லிஃப்ட்காரருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.